கைக்குழந்தையோடு ஏற்காடு: ரிங் ஸ்லிங் எப்படி உழைக்கிறது?

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஏற்காடு போக முடியுமா என்று அலுவலகத்திலும் சொந்தத்திலும் பலர் கேட்டுவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு நல்ல ரிங் ஸ்லிங்கை, அதாவது குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் வளையம் வைத்த துணியை, எடுத்துக்கொண்டு போங்கள். மகள் பிறந்த பிறகு நாங்கள் வாங்கிய பொருட்களிலேயே அதிகம் உழைத்தது அதுதான். ஆனால் எல்லா வயதுக்கும் எல்லா இடத்துக்கும் அது சரிப்படாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பொருள் ரொம்ப எளிமையானது. இரண்டு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒரு பருத்தித் துணி. ஒரு முனையில் இரண்டு வளையங்களை வைத்துத் தைத்திருப்பார்கள். மறுமுனையை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, ஒன்றின் மேலாகத் திருப்பி மற்றதன் வழியே கீழே இழுத்தால் இறுகிக்கொள்ளும். பக்கிள் இல்லை, எலாஸ்டிக் இல்லை. குழந்தையின் எடையே துணியை வளையங்களுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

யோசனை மலேசியாவில் பினாங்குத் தீவில் இருக்கும் அக்காவுடையது. அவளுக்கு மகன் பிறந்தபோது உதவிக்குப் பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. அத்தானும் அவளும் மட்டும்தான். வார விடுமுறை வந்தால் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாது என்று பையனை ஸ்லிங்கில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காலையில் தாவரவியல் பூங்கா, சாயங்காலம் பத்து ஃபெரிங்கி கடற்கரை, சில வாரம் பினாங்கு மலை. 1923-லேயே ஓடத் தொடங்கிய மலை ரயில் அங்கே உண்டு, ஏறி உட்கார்ந்தால் சுமார் 700 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற தீவு, வருஷம் முழுக்கப் புழுக்கம். “புழுக்கத்துக்கு மெல்லிசான துணி வாங்கு, கடற்கரைக்குப் போனால் வளையத்தில் ஒட்டின மணலை நல்ல தண்ணியில் கழுவு” என்பாள். நாங்கள் இருக்கும் சேலத்தில் கடல் இல்லை. மெல்லிய துணி பற்றி அவள் சொன்னது மட்டும் அப்படியே பொருந்தியது.

என் மனைவிக்கு சிசேரியன். தையல் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் இடுப்பில் பட்டை கட்டுகிற கேரியரை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஸ்லிங்கில் இடுப்புப் பட்டை கிடையாது. பாரம் முழுவதும் ஒரு தோளிலும் முதுகிலும் இறங்குகிறது, வயிற்றின் மேல் எதுவும் அழுத்துவதில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் அவள் முதலில் போட்டாள். வீட்டுக்குள், மாலை நேர அழுகைக்கு. துணிக்குள் வைத்து வராந்தாவில் நாலு நடை நடந்தால் பாப்பா அடங்கிவிடுவாள். அந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

மாமியாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “தலை நிக்காத புள்ளைங்க மாப்பிள்ளை, துணியில போட்டு மடக்கினா மூச்சு முட்டாதா?” என்றார்கள். அது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் பை மாதிரி தொங்குகிற சில ஸ்லிங்குகளில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்திருக்கின்றன. 2010-ல் அங்கே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கை விட்டது. குறிப்பாக நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, சளி பிடித்தவை என்றால் அதிக கவனம் வேண்டும் என்றது. காரணம் எளிதில் புரியக்கூடியது. பச்சைக் குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் கிடையாது. உடம்பு வளைந்து தாடை மார்பில் குத்தி நின்றால் மூச்சுக்குழல் மடிந்துவிடும். சத்தம் வராது. துணி மூக்கை மூடினாலும் இதே கதிதான்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். படுக்கப் போட்ட நிலையில் தூக்குவதே இல்லை. எப்போதும் நிமிர்த்தி, வயிறு எங்கள் மார்போடு ஒட்டியிருக்கிற மாதிரிதான். தலையைக் குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் அவள் இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவில் என் இரண்டு விரல் போக வேண்டும். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெயில் என்று ஸ்லிங்கின் முந்தானையை, அதாவது வளையத்துக்குக் கீழே தொங்கும் முனையை, இழுத்து முகத்தை மூடக் கூடாது.

கால்கள் தொங்கக் கூடாது என்பதும் முக்கியம். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டும், முழங்கால்கள் பிட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்து வளர அதுதான் நல்ல நிலை என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம்மூர்ப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைக்கும்போது கால் இரண்டும் அகன்று மடங்கித்தானே இருக்கும்? இதைச் சொன்னதும்தான் மாமியார் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

போடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வளையத்தில் நுழைக்கும்போது துணியை விசிறியாக மடித்து, முழு அகலமும் வளையத்தில் பரவுகிற மாதிரி விட வேண்டும். ஒரே கயிறாகச் சுருண்டுபோனால் பிறகு இழுத்தாலும் நகராது. வளையம் முன்பக்கம் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். குழந்தையை வைத்த பிறகு முந்தானையை மொத்தமாகப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மேல் ஓரம், அது குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இறுகும். பிறகு கீழ் ஓரம், அது முழங்காலுக்கு அடியில் இறுகும். கடைசியாக நடுப்பகுதி. ஒவ்வொரு ஓரத்தையும் இழுக்கும்போது மறு கையால் குழந்தையின் பிட்டத்தை லேசாகத் தூக்கிக் கொடுத்தால் துணி வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் முன்பக்கமாகக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், ஒரு கை குழந்தையின் முதுகில் இருக்கட்டும். அவள் உடம்பு என் உடம்பைவிட்டு விலகினால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கைவர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அரிசிப் பையை வைத்துப் பழகிக்கொண்டேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வெளியே போனது பதினான்காவது வாரத் தடுப்பூசி முடிந்த பிறகுதான். எடுத்த எடுப்பில் மலைக்குப் போகவில்லை. எங்கள் வீடு கோரிமேட்டில். கன்னங்குறிச்சி மூக்கனேரி பக்கம்தான், காலை ஆறரைக்கெல்லாம் கரையில் நடக்க ஆரம்பித்தோம். ஏரிக்குள் மண் திட்டுகள் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், பறவைகள் நிறைய. ஸ்லிங்கின் அருமை அங்கே முதலில் தெரிந்தது. இரண்டு கையும் சும்மா இருந்தன. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிரசவத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்ததே அப்போதுதான். கீரைக்கட்டு கொண்டுபோன ஒரு பாட்டி நிறுத்தி, “ஏங்கண்ணு, புள்ளைய இப்படிக் கட்டி வெச்சிருக்கறயே, அழுவாதா?” என்று கேட்டு, துணியை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் தூங்குது” என்று போனார். சேலத்தில் ஓர் ஆண் குழந்தையைக் கட்டிக்கொண்டு நடந்தால் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தது குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. மலை அடிவாரத்தில் நிழலான இடம், தரை பெரும்பாலும் சமம். மைத்துனர் ஆசையாக வாங்கித் தந்த ஸ்ட்ரோலரையும் அன்றைக்குக் கொண்டுபோனோம். அங்கே அது நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் கதை வேறு. அண்ணா பூங்காவுக்குள் நடைபாதையில் தள்ளலாம். வாசலுக்கு வெளியே வந்ததும் மேடு பள்ளம், ஜல்லி, படி, கார்களுக்கு நடுவில் புகுந்து போவது. பகோடா பாயிண்ட்டில் பாறை மேல் எந்தச் சக்கரமும் போகாது. சின்னச் சக்கரம் கல்லில் சிக்கி நிற்கும்போது உள்ளே இருக்கிற குழந்தைக்குத்தான் குலுங்குகிறது.

இனி மலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குப் பக்கம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, கீழே 38 டிகிரி கொளுத்தினால் மேலே 30 இருக்கும். குழந்தைக்கு அது சுகம்தான். ஆனால் துணி விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்லிங்கும் ஒரு சட்டை, என் உடம்புச் சூடும் ஒரு சட்டை. மேலே குளிருமே என்று ஸ்வெட்டர் மாட்டி உள்ளே வைத்தால் பாப்பாவின் பிடரி நனைந்துவிடும். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, தலைக்குத் தொப்பி, வெளியே நிற்கும் கால்களுக்கு நீளமான காலுறை. பிடரியில் கைவைத்துப் பார்த்தால் போதும், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டியதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஸ்லிங் காருக்கு இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பஸ், பின்னால் அவசரப்படுகிற பைக். மடியிலோ ஸ்லிங்கிலோ குழந்தையை வைத்துக்கொண்டு போனால், வண்டி சடாரென்று பிரேக் போடும்போது நம் உடம்பே அதை நசுக்கிவிடும். பின்பக்கம் பார்த்து உட்காருகிற குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டுத்தான் ஏற்றினோம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் உங்கள் குழந்தையே. மேலே ஏறும்போது காதடைப்பு அவர்களுக்கும் வரும், சொல்லத் தெரியாது, அழும். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, வெளியே எடுத்துப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்க காது விட்டுவிடும். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை இப்படி நிறுத்துங்கள்.

மேலே போனதும் ஸ்லிங் தன் வேலையைக் காட்டியது. தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்தில் 1963 முதல் ஆர்க்கிட் வளர்க்கிறார்கள். கூட்டம் குறைவு, நிழல், சத்தமில்லை. கைக்குழந்தையோடு போக ஏற்காட்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கடைகளையும் படகுத் துறையையும் சுற்றுவதைவிட அங்கே மெதுவாக ஒரு மணி நேரம் நடக்கலாம். பாப்பா கண்ணைத் திறந்து சில்வர் ஓக் மரங்களின் மேலே ஆடுகிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டைப் பட்டனை ஒரு கையால் பிடித்திருந்தாள், விடவே இல்லை. ஸ்ட்ரோலரில் படுத்திருந்தால் அவள் பார்ப்பது ஸ்ட்ரோலரின் கூரையை. இங்கே நான் எதைப் பார்க்கிறேனோ அதன் பக்கம் அவளும் திரும்புகிறாள்.

சேர்வராயன் கோயிலுக்கும் போனோம். மலையின் உச்சி அது, 1,600 மீட்டருக்கு மேல். காற்று பலமாக அடிக்கும், முந்தானை முகத்தில் வந்து விழாமல் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கோயில் குகைக்குள் இருக்கிறது. சேர்வராயனும் காவேரி அம்மனும். கூரை தாழ்வு, வெளிச்சம் குறைவு. இடுப்பை வளைத்துக் குனிந்தால் குழந்தை முன்னால் சரியும். முழங்காலை மடக்கி உட்காருகிற மாதிரி தாழ்ந்து, ஒரு கையை அவள் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நகர வேண்டும். பூசாரி பார்த்துவிட்டு வரிசையை நிறுத்தி வழிவிட்டார். நெற்றியில் திருநீறு வைத்தபோது தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள்.

கிளியூர் அருவிக்கு நாங்கள் போகவில்லை. போக வேண்டாம் என்றே சொல்வேன். செங்குத்தான இறக்கம், ஈரம், வழுக்கல். ஸ்லிங் இருந்தால் கை இரண்டும் சும்மா இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாம் விழுந்தால் அடி விழுவது முன்னால் இருக்கிறவளுக்கு. ஏரிக்கரை பஜ்ஜிக் கடையிலும் இதே யோசனை வேண்டும். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், குழந்தை மார்பில் இருக்கும்போது சூடான டீயைக் கையில் வாங்காதீர்கள். யாராவது ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்ள, மற்றவர் சாப்பிட்டு முடிப்பது நல்லது. குரங்குகளும் உண்டு. கையில் பொட்டலம் இருந்தால் மேலே பாயும்.

பால் கொடுப்பதைப் பற்றி மனைவி எழுதச் சொன்னாள். வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தி குழந்தையை இறக்கினால் துணிக்குள்ளேயே கொடுக்க முடியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. காட்சிமுனைகளில் பாலூட்டும் அறை எங்கே தேடுவது? ஆனால் கொடுக்கும் வரை ஒரு கை குழந்தையின் மேலேயே இருக்க வேண்டும், முடிந்தவுடன் பழைய உயரத்துக்கு ஏற்றி இறுக்கிவிட வேண்டும். இறக்கிய நிலையிலேயே தூங்க விட்டு நடக்கக் கூடாது.

குறைகளுக்கு வருகிறேன். ஒரே தோள் என்பது பெரிய குறை. ஆறு, ஏழு கிலோவைத் தாண்டிய பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கழுத்தடியில் இழுக்க ஆரம்பிக்கிறது. துணியைத் தோளில் குவித்து வைக்காமல் கை ஓரம் வரை பரப்பி விட்டால் கொஞ்சம் குறையும், ஆனாலும் போகாது. மறு தோளுக்கு மாற்ற வேண்டுமென்றால் குழந்தையை வெளியே எடுத்து, கழற்றி, திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும். தூங்குகிறவளை எழுப்பாமல் அது முடியாது. சேலத்து ஏப்ரல் மதியத்தில் எந்தத் துணியும் உதவாது. அவள் வயிறு என் சட்டையில் ஒட்டி, இருவருக்கும் நனைந்துவிடும். பத்து மணிக்கு மேல் கீழே நாங்கள் போடுவதே இல்லை. மலையில் மூடுபனி நாளில் துவைத்தால் காயாது, மாற்றுக்கு இன்னொன்று இல்லாவிட்டால் சிரமம்.

நீண்ட நடைக்கு பக்கிள் வைத்த கேரியர் நல்லது என்பது இப்போது எனக்குத் தெளிவு. பாரம் இரு தோளிலும் இடுப்பிலும் பிரிகிறது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் பார்த்தேன், எனக்கு முதுகு வலிக்கவே இல்லை. ஆனால் மூன்று மாதக் குழந்தைக்கு அதன் அடிப்பகுதி ரொம்ப அகலமாக இருந்தது, கால்கள் இயல்புக்கு மீறி விரிந்தன. மடித்தாலும் பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஸ்லிங்கைச் சுருட்டினால் கைப்பையில் போய்விடும். முதல் ஆறு மாதத்துக்கு ஸ்லிங், உட்காரத் தொடங்கிய பிறகு பக்கிள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஆறு மாதம் பொறுத்து பக்கிள் வாங்கலாம். எங்களைப் போல வீட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும் தினமும் போடப்போகிறவர்களுக்கு ஸ்லிங்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வளையத்தில் ஒட்டுப்போட்ட இடம் இருக்கக் கூடாது. விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள், நெருடினால் வேண்டாம். அலுமினியமோ கெட்டியான நைலானோ இருக்கலாம். ஸ்லிங்குகளுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப் 2907 என்று ஒரு பாதுகாப்புத் தரம் உண்டு, அதன்படி சோதித்தது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். துணி மூலைவாட்டத்தில் இழுத்தால் லேசாகக் கொடுக்க வேண்டும், பனியன் துணி மாதிரி நீளக் கூடாது. நல்லது இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். நானூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, தொடாதீர்கள். நல்ல இளம்பிள்ளைச் சேலையை வாங்கித் தையல்காரரிடம் கொடுத்து, திரைச்சீலை வளையம் போட்டுத் தைத்துக்கொள்ளலாமே என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். துணி தாங்கும், அந்த வளையம் தாங்காது. ஒவ்வொரு முறை போடும் முன்னாலும் தையலை ஒருதரம் இழுத்துப் பார்ப்பதும், வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மெஷினில் துவைத்தால் வளையத்தை ஒரு காலுறைக்குள் விட்டுக் கட்டிவிடுங்கள், டிரம்மும் வளையமும் இரண்டுமே பிழைக்கும்.

எனக்கு இருக்கும் ஒரே கோபம் பெட்டிக்குள் வந்த விளக்கத் தாள் மேல். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது மாமியார். அவர்களுக்கு அதனால் என்ன பயன்? முகம் தெரிய வேண்டும், தாடைக்குக் கீழே இரண்டு விரல், முழங்கால் மேலே, குனியாமல் முழங்காலை மடக்கு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். இப்போது மாமியாரே பாப்பாவைக் கட்டிக்கொண்டு மாடியில் வடகத்துக்குக் காவல் இருக்கிறார்கள். தமிழில் ஒரு தாள் வையுங்கள் என்று தயாரிப்பாளருக்கு எழுதி, நான் எழுதியதையும் படமெடுத்து அனுப்பிவைத்திருக்கிறேன்.